முதலாளியின் பைத்தான் தீப்பெட்டி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி விஜயராஜ் ஐம்பது வயதுக்கு மேல் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்று, கோவில்பட்டியின் முதல் கணினித் தீப்பெட்டியை இன்று உரசவிருக்கிறார். “உங்களுக்கு வராது மாமா” என்று சிரித்த சாப்ட்வேர் மாப்பிள்ளை, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறார். வீட்டுத் திண்ணையில் மாலை வெயில் லேப்டாப் திரையில் விழுந்து கரிசல் புழுதியைத்தான் முதலில் காட்டுகிறது. ‘தீப்பெட்டி’ என்று கிளாஸ், அதாவது பெட்டி வார்க்கும் அச்சு, எழுதி, அதிலிருந்து ஒரு பெட்டியும் எடுத்தாயிற்று. பாடத்தில் ‘உரசு’ என்ற வேலையின் அடைப்புக்குறிக்குள் ‘செல்ஃப்’, அதாவது ‘தான்’, என்று ஒருவன் சும்மா நின்றிருந்தான். சும்மா நிற்கிறவனுக்கு இங்கே என்ன சோலி என்று, ஆபீஸ் வழக்கப்படி அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார் விஜயராஜ். உரசச் சொன்னால் பெட்டி முதலில் தன்னையே எடுத்து நீட்டும், அதை வாங்கிக்கொள்ளத்தான் அவன் நின்றான் என்பது அவருக்கு விளங்கவில்லை. என்டரைத் தட்டுகிறார். திரையில் சிவப்பு எழுத்து: ஒன்றும் வாங்காத இடத்தில் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. வெற்று அடைப்புக்குறியை விரலால் தடவிப் பார்க்கிறார்.

“ஏ சபியுல்லா, நான் ஒண்ணுமே குடுக்கலையே! குடுத்தேன்னுல்லா சொல்லுது?”

“நீங்க குடுக்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும் அண்ணாச்சி,” என்கிறார் கணக்குப்பிள்ளை. “இது வெளியூர்ச் சரக்கு, அதுக்கு எங்க தெரியும்?”

வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. அடுக்களையில் மனைவி செண்பகவல்லி, மாப்பிள்ளைக்குக் காப்பி போட, லைட்டரால் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.