சோதனைத் துண்டு

பாளையங்கோட்டையில் காந்திமதியம்மாளின் மகன் கல்யாணத்தை நான்தான் வீடியோவில் பதிவு செய்தேன். இப்போது வீடியோவை யாரும் திரையில் பார்ப்பதில்லை. நேராக நினைவில் ஏற்றிவிடுகிறோம். அந்தம்மா காதோரம் பொருத்தியிருந்த நினைவுக் கருவி பழைய மாடல். ஃபார்மேட்டை மாற்றித்தான் ஏற்றினேன்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கேமராவைச் சரிபார்க்க ஒரு சோதனைத் துண்டு வைப்பேன். பள்ளிச் சீருடையில் என் மகள் ஓடிவருவாள். "மகிழினி, மெதுவா" என்று என் குரல் கேட்கும். புது மாடல்கள் அதைத் தாண்டிவிடும். பழையது தாண்டாமல் அதையும் சொந்த நினைவாகவே ஏற்றிக்கொள்ளும் என்பதை மறந்துபோனேன்.

இன்று மாப்பிள்ளை போன் செய்தார்.

"அண்ணே, மகிழினி யாரு? எம்பிள்ளையக் காணோம்னு அம்மா ராவெல்லாம் அழுதாவ. இப்ப யூனிபார்ம் அடையாளத்த வச்சு ஸ்கூலுக்குக் கெளம்பிட்டாவ."

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளி விட்டிருந்தது. வாசலில் மகிழினியின் கையை அந்தம்மா இறுக்கிப் பிடித்திருந்தார். அவள் என்னைக் கண்டு "அப்பா" என்று திமிறினாள்.

அந்தம்மாவின் முகம் வெளிறியது. "யாருய்யா நீ? எம்பிள்ளைய எதுக்குப் பாக்க?"

"பயப்படாத தாயி, அம்மா இருக்கேன்லா" என்று அவளைத் தூக்கிக்கொண்டு பஸ்கள் பறக்கும் சாலைக்குள் ஓடினார்.

நான் துரத்தத் துரத்த அவர் இன்னும் வேகமாக ஓடுகிறார். நிற்கலாமென்றால் என் கால் கேட்கவில்லை.