பலகையில் ஒரு வெள்ளைத்தாள்

மார்ச் ஒன்பது, திங்கள் காலை, பார்வையற்றோர் சங்க அலுவலகத்தில் பதிவுத்துறை ஆய்வு நடக்கிறது. முப்பதாம் தேதி பொதுக்குழுவுக்கான அறிவிப்பை, உறுப்பினர்கள் படிக்கும்படி இன்றைக்குள் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கத்தின் பதிவு புதுப்பிக்கப்படாது. "பலகையில வெறும் வெள்ளைத்தாள்தானேம்மா இருக்கு?" என்கிறார் அதிகாரி. "தடவிப் பாருங்க சார்," என்கிறார் செயலாளர். ஜன்னல் வெயில் அவர் புறங்கையில் இதமாக விழுகிறது. தாளின் புள்ளிகள்மேல் அதிகாரியின் விரல் உரசுவது கேட்கிறது. "நீங்களே படிச்சா ஒத்துக்க முடியாது. வேற யாராவது?" கைத்தடி தட்டியபடி படியேறி வந்த உறுப்பினர் ஒருவரைச் செயலாளர் பலகைக்கு அழைக்கிறார். அவர் நிதானமாகத் தடவுகிறார். "பொதுக்குழு மார்ச் முப்பது, காலை பத்து மணி. டீ உண்டுன்னு போட்டிருக்கு. பிஸ்கட்டைக் காணோமே அக்கா?" அதிகாரியின் சிரிப்பும், பிறகு பேனா மூடி திறக்கும் ஓசையும் செயலாளரின் காதில் விழுகின்றன. 'அறிவிப்பு, உறுப்பினர்கள் படிக்கும்படி ஒட்டப்பட்டுள்ளது' என்று வாய்விட்டுச் சொல்லியபடியே அதிகாரி எழுதுகிறார். பதிவு மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது.