பிறை இருந்த கை

"எந்தக் கையில சார் போடணும்?"

மேக்கப் போடும் ரூபி தூரிகையோடு நின்றாள்.

ரூபிக்குப் பின்னால், ஜன்னலோரம், அவள் பித்தளை டபராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. துடைப்பதை மட்டும் நிறுத்தினாள்.

அந்தக் கேள்வி முகுந்தனிடம் போக வேண்டும் என்றுதான் எந்தக் கை என்பதை மட்டும் அவள் எழுதாமல் விட்டிருந்தாள்.

மற்றதெல்லாம் ஷூட் திட்டத்தில் எழுதியிருந்தாள். ஷமிதாவுக்கு மாம்பழ மஞ்சளில் சுங்குடிப் புடவை. ஜன்னலில் பாதித் திரை. வெயில் சமையல் மேடையைத் தொடும்போது காபி ஃபில்டரைத் திறக்க வேண்டும். படத்துக்காக வாடகைக்கு எடுத்த அடையாறு வீடு. யாரும் சமைக்காத சமையலறை.

'அடுக்களை வெயில்' இணையப் பக்கத்துக்கு அவள் திட்டம் போட்டுக் கொடுக்கும் கடைசி ஷூட்.

நான்கு வருடங்களாக அந்தப் பக்கத்தில் வந்ததெல்லாம் அவளுடைய கைகள். மாவு பிசையும் கை. பூக்கட்டும் கை. காபி ஆற்றும் கை.

முகம் வந்ததே இல்லை.

"உன் முகம் கேமராவுக்கு ஒத்துவராது. கை போதும்."

அவளுக்குக் கணவனாக இருந்தபோது முகுந்தன் சொன்னது.

மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு. தோசைக்கல்லின் விளிம்பு பதிந்து, பிறை மாதிரி வளைந்தது. பார்ப்பவர்களுக்கு அதுதான் பிடித்துப்போனது. பிறை அக்கா என்றார்கள். ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுங்க அக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இன்று காட்டப்போகிறார்கள்.

ஷமிதாவின் முகத்தை.

பங்குனியில் விவாகரத்து. ஆவணியில் அவனுக்கும் ஷமிதாவுக்கும் கல்யாணம்.

இதை மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டுப் போ என்று கேட்டான். சரி என்றாள். லைவ் வைத்துக்கொள்ளலாம், கூட்டம் அதிகம் வரும் என்றாள். அவனுக்குச் சந்தோஷம்.

படமென்றால் பிறகு திருத்தலாம். லைவில் முடியாது.

அதை அவள் சொல்லவில்லை.

"பழைய போட்டோ ஏதாவது காட்டுங்க சார். பார்த்துப் போட்டுடறேன்" என்றாள் ரூபி.

முகுந்தன் சிரித்தான்.

"நாலு வருஷம் கூட வாழ்ந்தவன்மா. எனக்குத் தெரியாதா?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சரியாகச் சொல்லிவிட்டானென்றால் போதும். டபராவை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடலாம். வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று கல் சுட்டபோது அவன் எதிரில்தான் இருந்தான். கேமராவோடு. அம்மா என்று அவள் அலறியதற்கு, "கையை எடுக்காத, அப்படியே பிடி. ஆவி சூப்பரா வருது" என்றான். அவள் பிடித்திருந்தாள்.

அந்தப் படத்தில்தான் பக்கமே தூக்கிக்கொண்டது.

முகுந்தன் ஷமிதாவின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வலது" என்றான்.

அவள் மறுபடியும் துடைக்கத் தொடங்கினாள்.

ரூபி நன்றாக வரைந்தாள். பழுப்பு, அதன்மேல் ரோஜா நிறம், ஓரத்தில் கொஞ்சம் பளபளப்பு. நிஜத் தழும்பு தோற்றுவிடும்.

ஷமிதா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்லக் கூப்பிட்டாள்.

"அக்கா."

"சொல்லுங்க."

"அப்போ ரொம்ப வலிச்சுதாக்கா?"

யாரும் கேட்டதில்லை. இவளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று இருந்தது.

"என்னம்மா அங்க பேச்சு?" என்று முகுந்தன் கை தட்டினான். "பழசும் புதுசும் கூடிட்டாப் புருஷன் பாடு திண்டாட்டம்தான்."

கேமராக்காரர் ஜெரால்டு சிரித்தார்.

அவள் ஷமிதாவின் புடவை மடிப்பைச் சரிசெய்துவிட்டாள்.

"காபி ஆத்தும்போது டம்ளரை நல்லாத் தூக்கிப் பிடிங்க. மணிக்கட்டு தெரியும்."

லைவ் தொடங்கியது.

"இத்தனை வருஷமா கையை மட்டும் பார்த்தீங்க" என்றான் முகுந்தன். குரல் தழுதழுத்தது. "இதோ, உங்க பிறை அக்கா. என் வீட்டு வெளிச்சம்."

திரையில் இதயங்கள் பொங்கிப் பொங்கி மேலே போயின.

ஷமிதா டம்ளரைத் தூக்கினாள். வலது மணிக்கட்டில் பிறை பளிச்சென்று தெரிந்தது.

இதயங்களுக்கு நடுவே ஒரு வரி ஏறியது.

அக்கா, பிறை இடது கையில தானே இருந்துச்சு?

அதன்கீழ் இன்னொன்று. பிறகு வரிசையாக.

ஜெரால்டின் முகம் மாறியது. முகுந்தன் திரையைக் குனிந்து படித்தான். சிரிப்பு உதட்டிலேயே நின்றது. கண்கள் மட்டும் அவளைத் தேடி வந்தன.

ஷூட்டில் எது தவறினாலும் அவள்தான் சரிசெய்வாள். அந்தப் பழக்கம் அவனுக்குப் போகவில்லை.

திட்டப்படி அடுத்தது டபரா. கேமராவுக்குத் தெரியாத ஓரத்தில் நின்று அவள் நீட்ட வேண்டும். ஷமிதா வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிச்சைக்காரருக்குக்கூட இடது கையால் எதையும் கொடுத்தவளில்லை அவள்.

வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டாள். டபராவை இடது கைக்கு மாற்றினாள்.

ஓரத்திலிருந்து ஓரடி உள்ளே வந்தாள்.

அவள் எழுதிவைத்த இடத்தில், எழுதிவைத்த நேரத்தில், வெயில் மேடைமேல் விழுந்திருந்தது.

கையை நீட்டினாள்.