காணாமல் போன வசவு

காலை வெயில் கார் கண்ணாடியில் வழிகிறது. லாரி ஓட்டுநரின் உள்ளங்கை வியர்வையில் ஸ்டியரிங் பிசுபிசுக்கிறது. ரோட்டில் எல்லாரையும் வைதுகொண்டே ஓட்டிய மனிதர், ஒரு விபத்துக்குப் பிறகு ஹாரன் கேட்டாலே வாயடைத்து உறைந்துபோகிறார். சிகிச்சைக்காக இன்று இந்தச் சின்னக் காரை ஓட்டுகிறார். பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் மனநல மருத்துவர். "விபத்து முடிஞ்சு போச்சு. உங்க உடம்புக்குத்தான் அது இன்னும் தெரியல. மெதுவாச் சொல்லிக் குடுப்போம்," என்கிறார் மருத்துவர். சட்டென்று ஒரு ஸ்கூட்டர் ஹாரனை அலறவிட்டபடி குறுக்கே பாய்கிறது. பிரேக் கிறீச்சிடுகிறது. மனைவி கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். ஓட்டுநரின் தலை ஜன்னலுக்கு வெளியே நீள்கிறது. அந்தப் பழைய தொண்டை முழங்குகிறது: "யோவ்! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" தெருவே திரும்பிப் பார்க்கிறது. மனைவி கண்ணில் நீர் முட்டச் சிரிக்கிறாள். "டாக்டரம்மா, உடம்புக்குத் தெரிஞ்சிடுச்சு!"