ரெண்டும் வெள்ளை விழுந்தால்

பூவாத்தாளின் மகனுக்கு ஆறு மாசம். பூனைக்கண். மாமனார் ஆறுமுகசாமி இதுவரை அவனைத் தூக்கியதில்லை. தொட்டில் முன்வாசலில் ஆடினால், அவர் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

எலப்புள்ளி ஊர் சும்மா இருக்குமா? அப்பன் ஆத்தாளுக்குக் கருகருவென்று கண். இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று பேச்சு. பக்கத்து வீட்டு சுப்பாத்தாள், "சித்தூர் பஸ் கண்டக்டருக்கும் இதே கண்ணுதானுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

புருஷன் சென்னிமலை அதைக் காதில் வாங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. அந்த வீட்டு வழக்கப்படி தாத்தாதான் பிள்ளையைத் தூக்கி வந்து தாய்மாமன் மடியில் வைக்க வேண்டும். அவர் தூக்கவில்லையென்றால் சுப்பாத்தாள் சொன்னதே ஊருக்கு உண்மையாகிவிடும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கல்லூரியில் படிக்கும் நாத்தனார் சரஸ்வதி நோட்டில் நாலு கட்டம் போட்டு விழித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் கண் நிறம் எப்படி வரும் என்று கணக்காம். அப்பனிடம் ரெண்டு கூறு, ஆத்தாளிடம் ரெண்டு கூறு. ஆளுக்கு ஒன்றுதான் பிள்ளைக்குப் போகுமாம்.

எட்டாவதோடு நின்ற பூவாத்தாள், தாயம் ஆடும் புளியங்கொட்டையில் ரெண்டை எடுத்து வந்தாள். ஒரு பக்கம் கருப்பு; கல்லில் உரசிய பக்கம் வெள்ளை.

"இது அப்பன், இது ஆத்தா. ஒரு கருப்பு விழுந்தாலும் கருங்கண்ணு. ரெண்டும் வெள்ளை விழுந்தாத்தான் பூனைக்கண்ணு. செரியா?"

இருபது தடவை உருட்டினார்கள். நாலு தடவை ரெண்டும் வெள்ளை. கட்டத்தில் நாலில் ஒன்று என்று வந்தது.

"கிட்டத்தட்ட அதேதான் அண்ணி" என்றாள் சரஸ்வதி.

"அப்ப ரெண்டு கொட்டையிலயும் வெள்ளை இருக்கோணுமே. எங்க ஆத்தாளைப் பெத்த அம்மிச்சிக்குப் பூனைக்கண்ணு. உங்க பக்கம் ஆருக்கு?"

சரஸ்வதி உதட்டைப் பிதுக்கினாள். தான் பிறக்கும் முன்பே காய்ச்சலில் செத்துப்போன ஒரே அத்தைக்குக்கூடக் கருங்கண்தானாம்.

கதவோரம் ஆறுமுகசாமி நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். அவர் குனிந்து கொட்டைகளை எடுத்தார். உருட்டினார். மறுபடி உருட்டினார். ஐந்தாவது தடவை ரெண்டும் வெள்ளை. அவற்றைத் துண்டு முனையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் சட்டை போட்டு, பையோடு நின்றார். "காதுகுத்து புதன்கிழமைக்கு, அம்மிணி. எல்லாத்துக்கும் சொல்லியுட்டேன்."

பூவாத்தாள் அவர் முன்னால் வந்து நின்றாள். "எம்மேல சந்தேகமுங்களா மாமா?"

அவர் நேராகத் தொட்டிலுக்குப் போனார். பேரனைத் தூக்கினார். முதல்தடவையாக அந்தக் கண்களைப் பார்த்தார்.

"உம்மேல என்ன சாமி சந்தேகம்? மலைமேல ஏலப்பாறைக்குப் போயி இவனோட அத்தப்பாட்டியக் கூட்டிட்டு வாரேன். கால்ல உழுந்தாவது."

"செத்துப்போன அத்தையவாப்பா?" என்றாள் சரஸ்வதி.

"சாகலை. இதே கண்ணோட ஒரு புள்ளையத் தூக்கிட்டு, கட்டுன ஊட்டுல தொரத்துனாங்கன்னு வந்து நின்னா. உள்ள உடாம, செத்துட்டான்னு ஊருக்குச் சொன்னவன் நாந்தான்."