கைதட்டல் வாங்கிய பேச்சு

மைன்ஸ் அதிகாரியாக இருந்து ரிட்டயரான மருதாசலம், தொழில்முனைவோர் திருவிழாவுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அதிலும் சிறப்பு விருந்தினர்! மகள் இளவேனில் யாரிடமோ எழுதி வாங்கித் தந்திருந்த பேச்சை மைக்கில் வெளுத்து வாங்கினார்.

"பர்மனென்ட் வேலைன்னு அலையாதீங்க. சொந்தத் தொழில் பண்றவன்தான் ராஜா!"

பந்தல் அதிரக் கைதட்டல். மிதப்போடு இறங்கியவரை இளவேனில் ஒரு ஸ்டாலுக்கு இழுத்துப் போனாள். அனல்மின் நிலையச் சாம்பலில் தானே தயாரித்த செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்த இளைஞன் கும்பிட்டான்.

"அப்பா, நான் சொன்ன வடக்குத்து ஊர்க்காரர் செங்குட்டுவன் இவர்தான். கட்டிக்கிட்டா இவரைத்தான் கட்டிக்குவேன்."

மருதாசலத்தின் முகம் சுருங்கியது. "பர்மனென்ட் வேலை இல்லாதவனுக்கு எப்படிம்மா பொண்ணு குடுக்கறது?"

செங்குட்டுவன் பவ்யமாகச் சொன்னான்: "நீங்க படிச்ச பேச்சை ராவெல்லாம் முழிச்சிக்கினு எழுதுனது நான்தாங்க, மாமா!"