கட்டுப் பிரிக்கும் காலை

பூட்டுக்காரரின் வலது கண்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் நுனியைப் பிடித்தபடி டாக்டர் நின்றாள். பிரிக்கவில்லை.

"ராத்திரி ரெண்டு தடவ வலிக்குதுன்னு சொன்னாரு மேடம்," என்றாள் நர்ஸ், தணிந்த குரலில். "மாத்திரை கொடுத்தேன். அப்புறமும் முனகிட்டுதான் இருந்தாரு."



கண்புரை எடுத்த மறுநாள் உறுத்தலாம், நீர் வடியலாம். அப்படி வலிக்கக் கூடாது. வலித்தால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். கிருமி புகுந்திருக்கலாம். அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

வேறு யாராக இருந்தாலும், போனால் போகிறது, இன்னொரு கண் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இவருக்கு அதுவும் இல்லை. கேஸ் ஷீட்டில் ஒரே வரி: 'இடது கண் பார்வை இல்லை, பழைய அறுவை.' அதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இருபத்தாறு வருஷமாகக் கண் டாக்டர். மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் இலவச முகாம். அவள் டார்ச் அடித்துப் பார்க்காத ஆளே அந்த வட்டாரத்தில் கிடையாது. கல்யாண விருந்தில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து நாற்காலிக்காரர் கீழிமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சும்மா ஒரு பார்வை பாருங்க டாக்டரம்மா என்பார். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு பார்ப்பாள். கைராசிக்காரி என்று பெயர்.

போன முகாமில் பூட்டுக்காரரின் மகளும் அதைத்தான் சொன்னாள்.

"ஆறு வருஷமா ஆபரேஷனே வேணாம்னு ஒரே அடம். நோட்டீஸ்ல இருந்த உங்க பேரைப் படிச்சேன். 'அந்தம்மாவா? அப்போ வரேன்'னு சட்டையை மாட்டிட்டுக் கிளம்பிட்டாரு."

டாக்டர் சிரித்து வைத்தாள். நழுவத்தான் பார்த்தாள். எங்க சின்ன டாக்டர் என்னைவிட நல்லாப் பண்ணுவார் என்றாள். பூட்டுக்காரர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நீங்க பண்ணா பண்ணுங்க, இல்லன்னா ஆளை விடுங்க என்றார்.

நேற்று அறுவையின்போது கை நடுங்கவில்லை. பன்னிரண்டு நிமிஷம். ஒரு பிசகு இல்லை.

வீட்டுக்குப் போன பிறகுதான் ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. விடியும்வரை கண் மூடவில்லை. ஆறரை மணிக்கே வார்டுக்கு வந்துவிட்டாள்.

"கை நடுங்குது போலிருக்கே டாக்டரம்மா?" என்றார் பூட்டுக்காரர், பிளாஸ்திரி நுனி அதிர்வதை உணர்ந்து.

"குளிருதுங்க ஐயா."

நர்ஸ் ஓடாத ஃபேனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

டாக்டர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிளாஸ்திரியை உரித்தாள்.

"ஆ!" என்று அலறிவிட்டார் மனிதர்.

அவள் சட்டென்று குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதுதான்! இதுதான் ராத்திரி பூரா உயிரை எடுத்துச்சு! புருவத்தோட சேர்த்து ஒட்டிட்டாங்களே!"

பாதிப் புருவம் பிளாஸ்திரியோடு வந்திருந்தது. நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டருக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி இன்னும் அந்தப் பஞ்சுக்கு அடியில் இருந்தது.

பஞ்சை எடுத்தாள். ஈரத் துணியால் இமையோரம் துடைத்தாள்.

"கண்ணைத் திறங்க ஐயா."

அவர் திறக்கவில்லை.

"மெதுவாத் திறங்க."

"இருங்க, இருங்க." அவருக்கும் பயம். மகள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இமை பிரிந்தது.

சிவப்பு இல்லை. சீழ் இல்லை. கருவிழி கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. ஆனால் வெளியே தெளிவாக இருந்துவிட்டால் மட்டும் பார்வை வந்துவிட்டது என்று ஆகாது. அது அவளுக்குத் தெரியும்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மகள் பக்கம் திரும்பினார். எதைப் பார்க்கிறார், எதையாவது பார்க்கிறாரா என்றே புரியவில்லை.

டாக்டர் விரல்களை உயர்த்தினாள். "எத்தனை ஐயா?"

அவர் முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"ஐயா, எத்தனை விரல்?" குரல் உடைந்தது.

அவர் விரலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களை, நெற்றியை, தலையை. திறக்க மறுக்கிற பூட்டைப் பார்ப்பதுபோல நிதானமாக, அவசரமே இல்லாமல்.

"மூணு," என்றார்.

மகள் விசும்பிவிட்டாள். நர்ஸ் சத்தமாகச் சிரித்தாள்.

அவர் பார்வையை எடுக்கவில்லை.

"தலை இப்படி நரைச்சுப் போச்சே டாக்டரம்மா. அப்போ கருகருன்னு பின்னல் போட்டிருந்தீங்க."

"எப்போப்பா?" என்றாள் மகள், கண்ணைத் துடைத்தபடி.

"இவங்கதானே என் இடது கண்ணு ஆபரேஷன் பண்ணாங்க, அன்னைக்கு." அவர் குரலில் கோபம் இல்லை. "மறுநாள் கட்டுப் பிரிக்கத்தான் வரல. வேற யாரோ வந்து பிரிச்சாங்க."

நர்ஸின் சிரிப்பு நின்றது. மகள் டாக்டரைப் பார்த்தாள்.

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினாள்.

"வந்தேங்க ஐயா," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கதவு வரைக்கும் வந்தேன்."